பாஸ் இல்லைங்க ஐயா, பர்ஸ்

குன்னூர் லோகோ ஷெட்டில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் தண்டவாளம் தொடங்கும். 12 அடி போனால் ஒரு அடி ஏறுகிற அந்தச் சரிவில் எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த எஞ்சினின் பல் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய கை இது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான். ரயில் சமாச்சாரத்தில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற அந்த நினைப்போடுதான் 2025 ஜூனில் சென்னைக்குப் போனேன். அந்த நினைப்புக்கு நான் கட்டிய தண்டம் 4,152 ரூபாய். ஒரு நாள் என் மனைவியின் சிகிச்சை நேரமும் தவறியது. முன்கூட்டியே யாராவது அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இரண்டும் நடந்திருக்காது. எங்கள் ஷெட்டில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சென்னைக்கு வைத்தியத்துக்குப் போய் வருகிறார்கள், அதனால் சென்னை மெட்ரோ ரயிலையும் அதன் அட்டையையும் பற்றி எழுதுகிறேன்.

மனைவிக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை கோவையிலேயே முடிந்துவிட்டது. அப்புறம் 25 நாள் கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு கிடையாது. தினமும் மலை இறங்கி ஏற அவளால் முடியாது, கோவையில் தங்கிச் சமைத்துப் போட எங்களுக்கு ஆள் இல்லை. சென்னை ஆலந்தூரில் என் கொழுந்தியாள் வீடு இருக்கிறது. அண்ணா சாலைப் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை பர்லியார் வழியாகப் பஸ்ஸில் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தோம்.

அதுவரை எல்லாம் என் ராஜ்ஜியம். வேலையில் இருந்தபோது வருஷத்துக்கு மூன்று செட் பாஸ் (ஒரு செட் என்றால் போக, வர), நாலு செட் பி.டி.ஓ. என்கிற சலுகை டிக்கெட் உத்தரவு. பாஸ் என்றால் கட்டணமே இல்லை, பி.டி.ஓ. என்றால் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். ஓய்வு பெற்ற பிறகு என் மாதிரி குரூப் சி ஆளுக்கு, 20 வருஷ சர்வீஸ் முடித்திருந்தால், வருஷத்துக்கு இரண்டு செட். 2020-க்கு முன்னால் பாஸ் கிளார்க்கின் மேஜை முன் நின்று எழுதி வாங்கிய தாள் அது. இப்போது ஹெச்.ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வேயின் ஆன்லைன் தளத்தில் விண்ணப்பித்தால் ஒரு எண் வருகிறது, அந்த எண்ணை வைத்து டிக்கெட் போட வேண்டும். என்னிடம் இருப்பது பட்டன் போன். ஓசூரில் இருக்கும் மகன்தான் எல்லாவற்றையும் செய்து பிரிண்ட் எடுத்து அனுப்பினான். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், ஆயுள் முழுக்க இருந்த அதே தெம்பு. தாள் தொலைந்தாலும் பயம் இல்லை. என் பெயர் ரயில்வே பதிவேட்டில் இருக்கிறது, பாஸ் என்பது அந்தப் பெயருக்குத்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதில்தான் வழுக்கி விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்ட்ரலில் இறங்கினோம். 'மெட்ரோவில் ஏறி ஆலந்தூர் வந்துடுங்க அண்ணா, நேரா வரும்' என்று சகலை போனில் சொன்னார். பெட்டி படுக்கையோடு சுரங்கத்தில் இறங்கிப் போனால் பளிங்குத் தரை, கண்ணாடிக் கதவு. எல்லாரும் எதையோ தேய்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். நான் பாஸை விரித்துக் காட்டினேன். காவலுக்கு நின்ற பையன் அதை வாங்கி மரியாதையாகப் படித்துவிட்டு, 'இது ரயில்வே பாஸுங்க ஐயா, இங்கே செல்லாது' என்றான். 'தம்பி, இதுவும் ரயில்தானே?' என்றேன். பின்னால் வரிசை நின்றது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். அந்தச் சத்தம் ராத்திரி படுக்கும்போதும் காதில் இருந்தது.

இதில் அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. சென்னை மெட்ரோ தெற்கு ரயில்வேயைச் சேர்ந்தது அல்ல. மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் பாதிக்குப் பாதி போட்டு 2007-ல் தொடங்கிய தனி நிறுவனம் அது. 2015 ஜூன் 29 அன்று ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையில் முதல் வண்டி ஓடியது. மெட்ரோக்களுக்கென்று 2002-ல் போட்ட சட்டமே தனி. ஷெட்டில் யாரோ, 'கல்கத்தா மெட்ரோ ரயில்வேயோட ஒரு ஜோன்' என்று சொல்லிக் கேட்டிருந்தேன். அது உண்மைதான், 2010-ல் இருந்து அது இந்திய ரயில்வேயின் 17-வது மண்டலம். ஆனால் நாட்டில் அப்படி இருப்பது அது ஒன்றுதான். மற்ற ஊர் மெட்ரோக்களிலும் அப்படித்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். சென்னையில் பீச்–தாம்பரம் மின்சார ரயிலும் வேளச்சேரி பறக்கும் ரயிலும் ரயில்வே ஓட்டுவது, மெட்ரோ வேறு. ரயில்வேயிலேயே கூட பாஸில் எந்த ஸ்டேஷன் எழுதியிருக்கிறதோ அதுவரைக்கும்தான் செல்லும். நமக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் மூட்டையோடு நிற்கும்போது மறந்துபோகும்.

கோபத்தில் வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். 500 ரூபாய். மறுநாள் திங்கட்கிழமை முதல் சிகிச்சை. சகலை மறுபடியும் மெட்ரோ என்றார். 'அந்த வண்டியில் நான் ஏற மாட்டேன்' என்றேன். நாலு நாள் ஆட்டோ. போக 280, வர 280. ஒரு ஆளுக்கு மெட்ரோவில் 30 ரூபாய் தூரம் அது. இரண்டு பேர் போய்வர 120 ரூபாயில் முடிந்திருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் இருந்து இறங்கும்போது மனைவி சொன்னாள்: 'ஏங்க, உங்க ரயில்வே கோவத்தில ஆட்டோக்காரருக்குத்தான் லாபம்.' ஊசி போட்டது போல இருந்தது. அந்த ஐந்து நாளில் 2,740 ரூபாய் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை பிடிவாதத்தை விட்டு இறங்கி வந்தேன். சகலை தன் பழைய மெட்ரோ அட்டையைக் கொடுத்தார். கவுன்டரில் நீட்டினால், அந்த வகை அட்டைக்கு 2025 ஏப்ரல் 1-ல் இருந்தே ரீசார்ஜ் இல்லையாம். இனி 'சிங்காரச் சென்னை' அட்டைதான் என்றார்கள். உங்கள் வீட்டு மேஜை டிராயரிலும் உறவுக்காரர் கொடுத்த பழைய அட்டை கிடந்தால் அதை நம்பிப் போகாதீர்கள். இந்தப் புது அட்டை, நாடு முழுக்க ஒரே அட்டை என்று 2019-ல் தொடங்கிய திட்டத்தைச் சேர்ந்தது. சென்னையில் 2023-ல் வந்தது. 2025 ஜனவரியில் இருந்து மாநகரப் பேருந்திலும் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. 30 ரூபாய்க்கு 24 போகும். 'ரயில்வே ஸ்டாஃபுக்கு, பென்ஷனருக்கு ஏதாவது தனியா...' என்று மெல்ல இழுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, 'எல்லாருக்கும் இதே 20 பர்சென்ட்தாங்க ஐயா' என்றது. மூத்த குடிமக்கள் சலுகையை ரயிலிலேயே 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள், இங்கே என்ன எதிர்பார்ப்பது.

அட்டை வாங்கும்போது ஒரு தப்பு செய்தேன். போன் நம்பர் கேட்டார்கள், மகன் நம்பரைக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் அவன் நம்பர் கொடுத்தே பழக்கம். பிறகு எந்த வேலைக்கும் ஓ.டி.பி. ஓசூருக்குப் போகும். அவன் மீட்டிங்கில் இருப்பான், நான் கவுன்டரில் நிற்பேன். பட்டன் போனுக்கும் ஓ.டி.பி. வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் கையில் இருக்கும் போனின் நம்பரைக் கொடுங்கள்.

200 ரூபாய் போட்டுக்கொண்டு கதவுக்குப் போனோம். நான் தேய்த்தேன், திறந்தது, உள்ளே போனேன். திரும்பி நின்று அட்டையை மனைவியிடம் நீட்டினேன். அவள் தேய்த்தாள், சிவப்பு விளக்கு. மறுபடி தேய்த்தாள், சிவப்பு. அவள் வெளியே, நான் உள்ளே. நம் பாஸில் 'தான், மனைவி' என்று எழுதியிருக்கும், ஒரே தாளில் இரண்டு பேர் போவோம். இந்த அட்டைக்கு அதெல்லாம் தெரியாது. யாரோ ஒருவர் உள்ளே போயிருக்கிறார், அவர் வெளியே வரும்வரை அடுத்த ஆள் கிடையாது, அவ்வளவுதான் அதன் கணக்கு. ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். வெளியே வரும்போதும் தேய்த்தாக வேண்டும். கூட்டத்தில் முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அடுத்த தடவை கதவு திறக்காது. அன்றில் இருந்து நாலு நாள் அவள் 30 ரூபாய் காகித டிக்கெட், நான் 24 ரூபாய் அட்டை. பஸ் என்றால் அவளுக்கு அட்டையே தேவையில்லை. வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நம் நீலகிரி டவுன் பஸ்ஸிலும் 2024-ல் இருந்து அப்படித்தானே.

எட்டுப் பயணம் முடிந்ததும் அட்டையில் எட்டு ரூபாய்தான் மிச்சம். அன்று ராத்திரியே மகனிடம் சொன்னேன். அவன் ஓசூரில் இருந்தே 1,000 ரூபாய் போட்டான், பணம் போனதாக மெசேஜும் வந்தது. காலையில் நிம்மதியாகப் போய்த் தேய்த்தால் சிவப்பு. மறுபடி தேய்த்தாலும் அதே எட்டு ரூபாய். வெளியே வந்து மகனைக் கூப்பிட்டேன். 'பேங்க்ல பிடிச்சிட்டாங்கப்பா' என்கிறான். 'இங்கே வரலைடா' என்று கத்துகிறேன். 'சரி, சின்னதா ஒண்ணு போட்டுப் பாக்கிறேன்' என்று இன்னொரு 500 போட்டான். அதுவும் வரவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது, மனைவி ஒரு தூணில் சாய்ந்து நிற்கிறாள், சிகிச்சை நேரம் காலை பத்தே கால். பர்ஸில் சில்லறை இருந்தது, ஆளுக்கு 30 ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்தப் புத்தி அந்த நேரத்துக்கு வரவில்லை. 1,500 ரூபாய் எங்கே என்பதுதான் மண்டைக்குள். கடைசியில் கவுன்டருக்குப் போனபோது, அந்தப் பெண் அட்டையை வாங்கி ஒரு மெஷினில் சில நொடி வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. 1,508 ரூபாய். மருத்துவமனைக்கு நாற்பது நிமிஷம் தாமதமாகப் போனோம். எங்கள் இடத்தில் வேறு நோயாளியை எடுத்துவிட்டார்கள், எடுக்கத்தானே செய்வார்கள். சாயங்காலம் நாலரை மணிவரை உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

என்ன நடந்தது என்று அப்புறம்தான் புரிந்தது. இந்த அட்டையில் பணம் இருப்பது அதற்குள் இருக்கும் சிப்பில். கதவு அந்தச் சிப்பை மட்டும்தான் படிக்கும், பேங்க்கைக் கேட்காது. அதனால்தான் கண் இமைக்கும் நேரத்தில் திறக்கிறது. போனில் போடும் பணம் சிப்புக்கு நேராகப் போவதில்லை. மணியார்டர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போஸ்ட் ஆபீஸுக்கு வந்துவிட்டது, ஆனால் நாம் போய்க் கையெழுத்துப் போடும்வரை கையில் இல்லை. ஸ்டேஷனில் அதற்கான மெஷினில் அட்டையை வைத்தால்தான் பணம் உள்ளே இறங்கும். சிப்பில் அதிகபட்சம் 2,000 ரூபாய்தான் நிற்கும். ஆகவே ஊரில் இருந்து பிள்ளைகள் பணம் போட்டால், கதவுக்குப் போகும் முன் கவுன்டருக்குப் போங்கள். குன்னூரில் உட்கார்ந்துகொண்டு போட்டால் சென்னை போய்ச் சேரும்வரை அது பேங்க் பக்கத்திலேயேதான் கிடக்கும். அன்றைக்கே மனைவிக்கும் தனியாக ஒரு அட்டை வாங்கினேன், அதில் 200 ரூபாய், அவள் நம்பரிலேயே.

இவ்வளவு படித்த பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். இரண்டாவது வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டுச் சமையல்கட்டுக் கதவைக் கரடி உடைத்து, எண்ணெய் டின்னைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது. குன்னூர்க்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. மனைவியைத் தங்கையிடம் விட்டுவிட்டு நான் மட்டும் அன்று ராத்திரியே கிளம்பினேன். இதற்கு ஒரு பாஸ் செட்டைச் செலவழிக்க மனசு வரவில்லை, காசு கொடுத்துத்தான் டிக்கெட். சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் மலை ரயிலில் இடம் இல்லை. சுற்றுலாக் கூட்டம். நான் பழுது பார்த்த எஞ்சின் புகை விட்டு நிற்கிறது, நான் பஸ்ஸுக்கு நடக்கிறேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் அந்த அட்டையை நீட்டினேன். நாடு முழுக்க ஒரே அட்டை என்றார்களே, பார்ப்போமே என்ற ஆசை. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது மெட்ராஸ் அட்டையாட்ட இருக்குதுங்க, காசு குடுங்க' என்றார். காசைக் கொடுத்தேன், டிக்கெட்டையும் அட்டையையும் சேர்த்துச் சட்டையின் மேல்பையில் போட்டேன். மேலே ஸ்வெட்டர். பர்லியாருக்கு மேல் சாரல். குன்னூரில் இறங்கிக் கதவு, தச்சன், தகரம் என்று ஓடினதில் ஞாயிறு சாயங்காலம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை விடிகாலை சென்ட்ரலில் பையைத் தடவினால் அட்டை இல்லை. பஸ்ஸில் விழுந்ததா, தச்சனுக்குக் காசு எடுத்தபோது விழுந்ததா, இன்றுவரை தெரியாது. முதலில் பெரிய பயம் இல்லை. என் பெயரில் இருக்கிறது, நம்பர் இருக்கிறது, வேறு அட்டை கேட்டால் மிச்சத்தை அதில் ஏற்றிக் கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பாஸ் தொலைந்தால் அப்படித்தானே? கவுன்டரில் ஒரு இளம் பெண். அட்டையை முடக்கலாம், ஆனால் சிப்புக்குள் இருந்த பணம் திரும்பாது என்றது. 'அது என் பணம்மா, என் பேர்ல இருக்கு' என்று நான் குரலை உயர்த்தினேன். அந்தக் குழந்தை பொறுமையாகச் சொன்னது: 'இது பாஸ் இல்லைங்க ஐயா, பர்ஸ். பர்ஸ் தொலைஞ்சா உள்ள இருந்த காசை யாருங்க ஐயா தருவாங்க?'

நான் பதில் பேசவில்லை. மகன் அட்டை கொடுத்த பேங்க்கின் எண்ணுக்குப் போன் செய்து முடக்கினான், அங்கேயும் அதே பதில். சிப்பில் இருந்தது 1,412 ரூபாய். கதவைத் திறக்கும்போது யாரும் கடவுச்சொல் கேட்பதில்லை அல்லவா, எடுத்தவர் கையில் இருப்பது கிட்டத்தட்ட ரொக்கம்தான். நாற்பது வருஷமாக அட்டை என்றாலும் பாஸ் என்றாலும் ஒன்று என்றே பழகிவிட்டேன். மருத்துவத்துக்கான யு.எம்.ஐ.டி. அட்டையும் அப்படித்தான், தொலைந்தால் என் விவரம் எங்கோ பத்திரமாக இருக்கிறது. இதில் என் விவரம் எதற்கும் உதவாது, காசு மட்டும்தான் இருக்கிறது. பாஸைக் காட்டினது, ஒரே அட்டையில் மனைவியைக் கூப்பிட்டது, எங்கோ போட்ட பணம் இங்கே வந்திருக்கும் என்று நம்பினது, கடைசியில் இது. நாலும் ஒரே கிணற்றில் நாலு தடவை விழுந்த கதை.

25 நாள் முடிந்து, ஆலந்தூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 20 சதவீதத் தள்ளுபடியில் நானும் அவளும் மிச்சம் பிடித்தது 76 பயணத்துக்கு ஆறு ஆறு ரூபாயாக 456 ரூபாய். தொலைத்தது 1,412. ஆட்டோவுக்குக் கொடுத்ததைக் கேட்காதீர்கள். புது அட்டை வாங்கியதில் இருந்து ஒரு தடவைக்கு 200 ரூபாய்க்கு மேல் போடவில்லை. தள்ளுபடி 200 போட்டாலும் அதேதான், 2,000 போட்டாலும் அதேதான். நிறையப் போட்டால் நிறையத் தொலையும், அவ்வளவே வித்தியாசம். இரண்டு அட்டையையும் மனைவி தன் கைப்பையின் உள்பையில் வைத்துக்கொண்டாள். கதவுக்கு முன்னால் போய்த்தான் என் அட்டை என் கைக்கு வரும், வெளியே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வாள். முதல் நாள் அவமானமாக இருந்தது, மூன்றாம் நாள் சௌகரியமாக இருந்தது.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு வர வேண்டும். போன வாரம் லோயர் குன்னூர் டீக்கடையில் ஷெட்டின் பழைய சார்ஜ்மேன் ஒருவரைப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்காகச் சென்னை போகிறாராம். 'ஏப்பா, நம்ம பாஸ் மெட்ரோல செல்லும்தானே?' என்றார். 'செல்லாதுண்ணே. எத்தனை நாள் இருப்பீங்க?' 'மூணு நாள்.' 'அப்ப அட்டையே வேண்டாம். கூட யாரு வர்றா?' 'பேத்தி.' 'அவ போன்ல வாட்ஸ்அப்லயே க்யூ.ஆர். டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே போன்ல வரும், அதே 20 பர்சென்ட் குறையும், தொலைக்கிறதுக்கும் ஒண்ணும் இருக்காது.' அவர் டீயை ஆற்றிக்கொண்டே என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். 'பாஸையும் எதுக்கும் ஒரு தடவை காட்டிப் பாக்கிறேன்' என்றார்.